ஒரு நூல் வித்தியாசம்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டி என் பட்டறைக்கு வரும்போது அநேகமாக ஒரே புகாரோடுதான் வரும். "அண்ணே, ஒரு பக்கம் தூக்கலா வெட்டுது, இன்னொரு பக்கம் மண்ணைச் சுரண்டுது. டெக்கு மட்டம் போயிருச்சு, கொஞ்சம் வச்சுக் குடுங்க." லோரியிலிருந்து வண்டியை இறக்குவதற்குள் நான் குனிந்து, டெக்கை, அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டை, தாங்கும் தண்டுகளின் நட்டுகளைப் பார்த்துவிடுவேன். மரையில் துரு உதிர்ந்து வெள்ளையாகப் பளபளத்தால் யாரோ ஏற்கெனவே ஸ்பேனர் போட்டுவிட்டார் என்று தெரிந்துவிடும். பழுது ஓரிடத்தில் இருக்க, அதை மறைக்க வேறிடத்தைத் திருகியிருக்கிறார். இனி எனக்கு இரண்டு வேலை. அவர் திருகியதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு உண்மையான பழுதைத் தேட வேண்டும்.

மட்டம் வைக்கும் நட்டு கடைசியாகத் தொட வேண்டிய இடம். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். நேற்றுவரை சமமாக வெட்டிய டெக் இன்று தானாகச் சாயாது. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், வளைந்திருக்கும், அல்லது காற்று இறங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் நட்டைத் திருகினால் ஒரு வாரம் திடல் அழகாக இருக்கும். அடுத்த வாரம் அதே கோடு, அதே இடத்தில், முன்பைவிட ஆழமாக விழும்.

எங்கள் பட்டறை பினாங்கில், சுங்கை பினாங் ஆற்றுப் பக்கம். அருவித் தோட்டம் என்று பழைய ஆட்கள் சொல்லும் தாவரவியல் பூங்கா வழியாக இறங்கி வரும் ஆயர் தெர்ஜுன் ஆறும், மலையடிவாரத்திலிருந்து வரும் ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங் ஆகிறது. அந்தப் பூங்காவை 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் உருவாக்கினார். இன்றைக்கும் ஜார்ஜ் டவுனில் நல்ல புல்தரை எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட நான் பையன்களை அங்கேதான் கூட்டிப்போவேன். அங்கே பளிங்கு போல ஓடும் தண்ணீர் எங்கள் பக்கம் வரும்போது கலங்கிக் கருத்துவிடும். பெரிய மழை பெய்யும் நேரத்தில் கடலும் ஏறி நின்றால், ஆற்றுத் தண்ணீர் கடலில் இறங்க வழியில்லாமல் பின்னுக்கு ஏறும். தாழ்ந்த இடத்துத் திடல்களெல்லாம் ஊறிப்போகும். ஒரு பக்கம் ஈர மண், இன்னொரு பக்கம் உப்புக் காற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இரும்புத் தகட்டாலான ஒரு டெக் எத்தனை நாள் நேராக நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே வரும் பழுதுகளில் பாதி இயந்திரத்தின் பழுது என்றால் மீதிப் பாதி இந்த ஊரின் ஈரம்.

புல்லுக்கும் நம் ஆட்களுக்கும் இங்கே பழைய உறவு உண்டு. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பின் குதிரை லாயங்களில் தமிழர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். முனிசிபல் கூலிகளாக சாலையோரப் புல்லைக் கையால் வெட்டியவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். நீண்ட கம்பின் நுனியில் வளைந்த தகடு மாட்டி, இடுப்பைத் திருப்பித் திருப்பி வீசி வெட்டுவார்கள். அப்படி வெட்டிய புல்லில் மேடு பள்ளம் இருந்தால் அது கையின் களைப்பு. இன்று அதே பரம்பரையில் வந்தவர் வண்டியில் உட்கார்ந்து வெட்டுகிறார். மேடு பள்ளம் விழுந்தால் பழி இன்னும் அவர் கையின் மேல்தான் விழுகிறது. அது எனக்குப் பொறுக்காத விஷயம். பின்னால் அதற்கு வருகிறேன்.

வண்டி வந்ததும் நான் முதலில் கேட்பது திடலின் போட்டோ. கைப்பேசியில் நின்ற வாக்கில் எடுத்த படம் உதவாது. குனிந்து, புல்லின் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய், வண்டி போன திசையில் எடுக்கச் சொல்வேன். எங்கே கோடு விழுந்திருக்கிறது என்பதே பாதிப் பதில்.

வண்டி ஒவ்வொரு முறை போய்வந்த விளிம்பிலும் படிக்கட்டு போல ஒரு மட்டம் இறங்கியிருந்தால், டெக் இடது வலதாகச் சாய்ந்திருக்கிறது. வெட்டிய அகலத்தின் நடுவில் ரிப்பன் போல வெட்டுப்படாத புல் நின்றால், இரண்டு பிளேடும் சந்திக்கும் இடத்தில் கோளாறு. பிளேடின் நுனி தேய்ந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது ஒரு பிளேடு மெதுவாகச் சுற்றலாம். அலை அலையாக, தகரக் கூரை மாதிரி இருந்தால் வண்டி துள்ளுகிறது. புல்லின் நுனி நார் நாராகக் கிழிந்து, மறுநாள் வெளுத்துத் தெரிந்தால் பிளேடு மொட்டை.

இந்த ஊரில் பலரை ஏமாற்றும் கோடு ஒன்று உண்டு. நம் திடல்களில் அதிகம் இருப்பது கௌ கிராஸ், அகல இலைப் புல். அது பூக்கும்போது மெல்லிய தண்டுகளை மேலே நீட்டும். முன் சக்கரம் அந்தத் தண்டுகளை அமுக்கிவிடும். டெக் அவற்றின் தலைக்கு மேலே போய்விடும். பத்து நிமிடம் கழித்து அவை நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டு நீளக் கோடு. டயரின் அகலத்தை அளந்து கோட்டின் அகலத்தோடு ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும். அதற்கு மருந்து ஸ்பேனரில் இல்லை. குறுக்கே இன்னொரு முறை ஓட்ட வேண்டும், அல்லது பூக்கும் முன்பே வெட்ட வேண்டும்.

அடுத்தது டயர். இதை யாரும் நம்புவதில்லை. சாய்ந்த டெக்கென்று வந்த வண்டிக்குக் காற்று மட்டும் அடித்து அனுப்பினால் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். டெக் தொங்குவது வண்டியின் சட்டத்தில். சட்டம் உட்கார்ந்திருப்பது டயரில். இடது பின்டயரில் காற்று இறங்கினால் சட்டம் சாயும், சட்டத்தோடு டெக்கும் சாயும். இந்த வண்டிகளின் டயருக்குக் காற்று மிகக் குறைவு. பின்டயருக்குப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பவுண்டு, முன்டயருக்குப் பதினான்கு பவுண்டு போல. வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் காருக்கு அடிக்கிற பழக்கத்தில் முப்பது பவுண்டு ஏற்றிவிடுகிறார்கள். டயர் கல்லாகிவிடும், வண்டி துள்ளும், அலை விழும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முள் குத்தி, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு நாளில் நான்கு பவுண்டு இறங்கியிருக்கும். கார் காற்றுமானியில் பத்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த காற்றை அளக்கும் தனி மானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் சரியென்றால் அடியில் பார்க்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகுதான் அடியில் கை. வெறும் ஜாக்கை நம்பி யாரும் டெக்குக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு போட வேண்டும். எங்கள் மழையில் வெட்டிய புல் டெக்கின் உட்புறத்தில் ஒட்டி, காய்ந்து, அதன் மேல் மறுபடி ஒட்டி, அடை அடையாகக் கெட்டித்திருக்கும். பிளேடின் பின்விளிம்பு மேலே வளைந்திருப்பது காற்றை உறிஞ்சுவதற்கு. அந்தக் காற்றுதான் படுத்த புல்லை நிமிர்த்திப் பிளேடுக்குக் கொடுக்கிறது. உள்ளே அடை கட்டிவிட்டால் காற்றுக்கு வழியில்லை, புல் நிமிராது. வெட்டுப்படாத திட்டுகள் அங்கங்கே நிற்கும். தகரக் கரண்டியால் சுரண்டி எடுத்தாலே பாதி வண்டிகள் குணமாகிவிடும். சுரண்டும்போது கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: அடைக்கு அடியில் இருக்கும் இரும்பு எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. டெக்கின் ஓடு அழுகுவது அங்கிருந்துதான்.

பிளேடுக்கு வருவோம். 42 அங்குல டெக்கில் சுமார் 21 அங்குலத்தில் இரண்டு பிளேடு இருக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது, நிமிடத்துக்கு 19,000 அடி. அந்த வேகத்தில் சுற்றும் இரும்பு ஒரு கல்லிலோ, புல்லுக்குள் மறைந்த குழாய் முனையிலோ பட்டால் வளையாமல் என்ன செய்யும்? வளைந்த நுனி தாழ்ந்து சுற்றும். அந்த ஒரு பட்டையில் மட்டும் புல் குட்டையாகும். ஓட்டுபவருக்கு இருக்கையில் ஒரு நடுக்கம் தெரியும்.

இன்னொரு தேய்மானம் மெதுவாக நடப்பது. ஆற்றுப் பக்கத்துத் திடல்களில் வண்டல் மணல் அதிகம். பிளேடின் பின்விளிம்பு வளையத் தொடங்கும் அந்த மூலையில் மணல் உரசி உரசி இரும்பு மெலிந்துகொண்டே வரும். மேலிருந்து பார்த்தால் பிளேடு முழுசாகத் தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் தகரம் போல இருக்கும். அப்படிப்பட்டதைச் சாணை பிடித்துத் திருப்பி மாட்டக் கூடாது. பிய்ந்து பறந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கு ஆபத்து. காசைப் பார்க்காமல் மாற்றுங்கள். மாற்றும்போது எல்லாப் பிளேடையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் நடுவில் ரிப்பன் நிற்கத்தான் செய்யும். சாணை பிடிக்கும்போது இரும்பு நீலம் பாய விடாமல் இடையிடையே ஆறவிட வேண்டும். பிடித்த பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, நடுத் துளையை அதில் மாட்டித் தொங்கவிட்டால், எந்தப் பக்கம் கனம் என்று அதுவே சொல்லும். கனமான பக்கத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்து இரண்டையும் சமன் செய்ய வேண்டும்.

இப்போது இந்தத் தொழிலின் நடுப் பாடம். மூன்று பழுதுகள் புல்லில் ஒரே மாதிரித் தெரியும்: பிளேடு வளைந்தது, பிளேடு மாட்டிய ஸ்பிண்டில் தண்டு வளைந்தது, ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் டெக்கின் ஓடே வளைந்தது. பிரித்துப் போடாமல் மூன்றையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, பிளேடின் ஒரு நுனியை நேர் முன்னால் வைத்து, தரையிலிருந்து அந்த நுனியின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, மெதுவாகப் பிளேடைத் திருப்பி, மறு நுனியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிளேடோ தண்டோ வளைந்திருக்கிறது. எது என்று தெரிய, போல்ட்டைத் தளர்த்தி, தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளேடை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். தாழ்ந்த நுனி பிளேடோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் பிளேடில். தாழ்வு தண்டில் போட்ட அடையாளத்தோடே தங்கிவிட்டால் தண்டு வளைந்திருக்கிறது. இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருந்து, ஆனால் முன்னால் அளந்ததும் பின்னால் அளந்ததும் பக்கத்துப் பிளேடின் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால், ஓடு கோணியிருக்கிறது.

இதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். இதைச் செய்யாமல் பேரிங், தண்டு, பிளேடு என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்க்கிறார்கள். சில நூறு வெள்ளி வீணாகப் போகிறது.

பேரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளில் 6203, 6204, 6205 என்ற வழக்கமான எண்கள்தான். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் குழாய் போல ஓர் இடைவெளி வளையம். கழற்றி மாட்டும் போது அந்த வளையத்தை விட்டுவிட்டால், மேல் நட்டை இறுக்க இறுக்க இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்படும். புது பேரிங் ஒரு மாதத்தில் கரகரக்கும். இங்கே பேரிங் சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணம் தண்ணீர் பீய்ச்சும் மெசின். வேலை முடிந்ததும் அதைக் கொண்டு டெக்கின் மேலே, புல்லிக்கு நேராக அடிக்கிறார்கள். சேறு போகிறது, ஆனால் ரப்பர் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. அடியில் அடியுங்கள், ஸ்பிண்டிலின் தலையில் அடிக்காதீர்கள்.

ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளித் திடல்களைக் குத்தகைக்கு எடுத்து வெட்டும் ஒருவரின் வண்டி ஒன்று. இரண்டு பிளேடு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு விழுகிறது என்று வேறு பட்டறைகளுக்குப் போய், பிளேடும் பேரிங்கும் பெல்ட்டும் புதிதாகப் போட்டு, மட்டமும் வைத்து, கடைசியில் என்னிடம் வந்தது. கூடவே வந்த மேற்பார்வையாளர், "மெசின்ல ஒண்ணுமில்ல பாஸ், ஓட்டுற ஆளு சரியில்ல. வேகமா ஓட்டுறாரு" என்றார். கோடு விழுந்த திடல்களுக்கு அந்த ஓட்டுநரின் கூலியில் பிடித்திருந்தார்கள். அவர் என்னைவிட மூத்தவர், லோரியின் பின்பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.

அளந்தேன். முன்னால், பின்னால், இடது, வலது, எல்லாம் ஒரு நூலுக்குள். வண்டி நிற்கும்போது குற்றமே இல்லை. அவரிடம் போய், "அங்கிள், கோடு எப்ப விழுது?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

"தம்பி, காலையில பனி காயறதுக்கு முன்னாடி, ஓரத்துல அடர்த்தியா இருக்கிற புல்லுல போனாத்தான் விழுது. வெயில் ஏறினப்புறம், பசங்க விளையாண்டு தேஞ்ச நடுத் திடலுக்கு வந்துட்டா சுத்தமா வெட்டும். பாரம் கூடுனா மெசினு உள்ளுக்குள்ள எதையோ விட்டுக்குடுக்குது. என் காலுக்குத் தெரியுது."

பாரம் கூடினால் மட்டும் வரும் பழுது. தரையில் நிறுத்தி எத்தனை முறை அளந்தாலும் அது அகப்படாது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு போட்டு, பிளேடின் நுனியைப் பிடித்து மேலே தள்ளினேன். வலது ஸ்பிண்டில், பேரிங் உட்காரும் அதன் வீட்டோடு சேர்ந்து, ஆட்டம் கண்ட பல்லைப் போல அசைந்தது. பேரிங் புதிது, அதில் ஆட்டமில்லை. மேலே கெட்டித்த புல்லைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, ஸ்பிண்டிலை ஓட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முடி போன்ற ஒரு கோடு. அதிலிருந்து செம்பழுப்பாகத் துருப் பொடி கசிந்திருந்தது. பிளேடைத் தள்ளும்போது அந்த விரிசல் வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. அடர்ந்த ஈரப் புல்லின் பாரமும் பெல்ட்டின் இழுப்பும் சேரும்போது ஓடு நெகிழ்ந்து, ஸ்பிண்டில் சாய்ந்து, இரண்டு பிளேடின் நுனியும் ஒரே உயரத்தில் சந்திக்காமல் போயிருக்கிறது. வண்டி நின்றதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று பிறகு ஓட்டுநரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

அந்த ஓட்டைச் சரிசெய்வது பொறுமையான வேலை. ஸ்பிண்டிலைக் கழற்றி, விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட வேண்டும். போடாவிட்டால் வெல்டிங்குக்குப் பிறகும் விரிசல் முன்னேறும். ஓட்டின் மேலே ஒரு கனத்த தகடு வைத்து, கழித்துப்போட்ட ஒரு பழைய ஸ்பிண்டில் வீட்டை அதே துளைகளில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் சூட்டில் துளைகள் இடம் மாறாது. ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு கோணும். இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்து ஆறவிட வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டிலேயே மாட்ட வேண்டும். எட்டத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளைக் கெடுத்துவிடும். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பெயிண்ட், உள்ளும் புறமும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் மட்ட நட்டு. பட்டறைத் தரையே சமமாக இருக்க வேண்டும். என் பட்டறையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஓரிடத்தில் பெயிண்டால் கட்டம் போட்டிருக்கிறேன். அளக்க வேண்டியது பிளேடின் நுனி, டெக்கின் பாவாடை விளிம்பு அல்ல. கல்லில் இடித்து இடித்து அந்த விளிம்பு நேராகவே இருக்காது. பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி, இடதுகோடி நுனியும் வலதுகோடி நுனியும் ஒரு நூலுக்குள் வர வைக்க வேண்டும். அதன் பிறகு பிளேடை நெடுக்காகத் திருப்பி, முன் நுனி பின் நுனியைவிட ஒரு நூல் முதல் இரண்டு நூல் தாழ்ந்திருக்கும்படி முன்தண்டைச் சரிசெய்ய வேண்டும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஒரே புல்லை இரண்டு முறை வெட்டிக்கொண்டு எஞ்சின் திணறும். டெக்கின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரங்கள் தரையைத் தொட்டு ஓடக் கூடாது. அரை அங்குலத்துக்குள் மேலே நிற்க வேண்டும். மேடு வரும்போது மட்டும் தொட்டுத் தூக்கிக் கொடுப்பதற்காக வைத்தவை அவை.

பெல்ட் தேய்ந்து புல்லியின் பள்ளத்தில் ஆழமாக இறங்கி ஓடினால் வழுக்கும். பளபளப்பு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் மிச்சம் என்று த்ராட்டிலைக் குறைத்து ஓட்டுவதும் கோட்டுக்கு ஒரு காரணம். பிளேடு வேகம் குறைந்தால் புல் வெட்டுப்படாமல் சாய்ந்து கொடுக்கும். எஞ்சின் முழு வேகத்தில், வண்டி மெதுவாக. அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் மேடு பள்ளம் விழும் திடல்கள் உண்டு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் இந்தத் தீவில் பல இடங்கள் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு தாழ்ந்த திடல்களில் ஓரிடத்தில் வண்டல் மேடிட்டும், ஓரிடத்தில் மண் அரித்தும் கிடந்தது. மேலே புல் மூடிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது, டெக்குக்குத் தெரியும். 42 அங்குல அகல டெக் ஒரே கட்டையாகத்தான் போகும். அதற்குக் கீழே ஒரு மண் மேடு குறுக்கிட்டால் தலையைச் சீவிவிடும். எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் 1830இல் முதல் புல்வெட்டு மெசினுக்கு உரிமம் வாங்கியபோது அது ஒரு குறுகிய உருளை. பின்னாளில் பெரிய மைதானங்களுக்கு அந்த உருளைகளைப் பலவாகச் சேர்த்து டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கி நிலத்தின் வளைவைப் பின்பற்றும். நம் வண்டிக்கு அந்த வசதி இல்லை. திசையை மாற்றி வெட்டிப் பாருங்கள். கோடு வண்டியோடு வந்தால் வண்டியின் பழுது. திடலில் அதே இடத்தில் நின்றால் மண்ணின் பழுது. மண் பரப்பி மேட்டையும் பள்ளத்தையும் நிரவுகிற வரை வெட்டும் உயரத்தை ஏற்றி வையுங்கள். கௌ கிராஸை இரண்டு அங்குலத்துக்கு விட்டால் அதற்கும் நல்லது, டெக்குக்கும் நல்லது.

குத்தகைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கூலி பரப்பளவுக்குப் பேசுகிறீர்கள், இத்தனை ஏக்கர் வெட்டினால் இத்தனை வெள்ளி என்று. வெட்டி முடித்த பிறகு டெக்கைத் தூக்கி அடியில் சுரண்டிக் காயவைக்கும் அரைமணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அதனால் யாரும் சுரண்டுவதில்லை; ஈரப் புல் ராத்திரி முழுக்க இரும்பில் ஒட்டிக் கிடக்கிறது. ஓடு அழுகி, விரிசல் விட்டு, கோடு விழுந்த பிறகு அதே ஆளின் கூலியில் பிடிக்கிறீர்கள். ஆயர் ஈத்தாம் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவரிடம் இதைச் சண்டை போடாத குறையாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டு அந்த அரைமணிக்கும் சேர்த்துக் கூலி போடத் தொடங்கினார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஓட்டுநர் தனக்குத் தெரிந்த சத்தம், நடுக்கம், கோடு எதுவானாலும் எழுதலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய வண்டிகளில் இதுவரை ஓட்டில் வெல்டிங் வைக்க வேண்டி வரவில்லை. கடைசியாக வந்தது பேரிங்குக்கு. எந்த ஸ்பிண்டில் என்று நோட்டில் எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் மாற்றி லோரியில் ஏற்றிவிட்டோம்.